விளையாட்டும் விதியும்: கொக்கிளாய் இளைஞருக்குச் சில வார்த்தைகள்

விளையாட்டு வினையாகும் என்பது நம் முன்னோர் வாக்கு. இதனை எத்தனையோ தாய்மார் தம் பிள்ளைகளை நோக்கிக் கூறியிருப்பர். கூறக் கேட்ட பிள்ளைகளும் சிரித்துவிட்டு மைதானத்துக்கு ஓடியிருப்பர். ஆயினும் கிராமங்களின் வரலாற்றைச் சற்றே உற்று நோக்குவோர் இவ்வாக்கின் உண்மையை மறுக்கமாட்டார். ஒரு பந்து துடுப்பில் பட்டதா, படவில்லையா என்ற சிறு பிணக்கு, இரண்டு குடும்பங்கள் ஒன்றின் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றொன்று போகாதிருக்கும் அளவுக்கு வளர்ந்துவிடுதல் நம் ஊர்களுக்குப் புதிதன்று. பொழுதுபோக்குக்காகத் தொடங்கிய கழகம் ஊரை இரண்டாக்கிவிட்டுக் கலைந்து போவதும் உண்டு. ஆதலின் இவ்வாரம் விளையாட்டுக் கழகங்களின் விதிகளைப் பற்றியும், விதிகளுக்கு அப்பாற்பட்ட நேர்மையைப் பற்றியும் சிறிது சிந்திக்க எண்ணினோம்.

இதற்குக் கொக்கிளாயை நாம் எடுத்துக் கொள்வதற்குக் காரணம் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த ஊர் அது. களப்புக்கு அப்பால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. நீர்ப்பறவைகள் வந்து தங்கும் அக்களப்பு 1951ஆம் ஆண்டிலேயே சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பறவைகளுக்குக் கிடைத்த சரண் மனிதருக்குக் கிடைக்கவில்லை. 1984ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் வீடு வாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரே மீண்டும் வந்து குடியேறும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டியது. கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அலைச்சலின் பின் திரும்பி வந்தவர்களுட் பலர், ஒருவரையொருவர் புதிதாக அறிந்து கொள்ள வேண்டிய நிலையில் இருந்தனர். ஓர் இளைஞன் பிறந்தது ஓர் இடம், பள்ளிக்கூடம் சென்றது மற்றோர் இடம், பெற்றோரின் காணி இருப்பது பிறிதோர் இடம் என்றானபின், ஊர் என்ற உணர்ச்சி தானாக முளைத்துவிடாது. கோயில் திருவிழா அதனை வளர்க்கும், வாசிகசாலை வளர்க்கும், மைதானமும் வளர்க்கும். அங்கே விளையாட்டின் மூலம் ஒரு பிணக்கு நேர்ந்தால், இழப்பது ஒரு கிண்ணம் மட்டுமன்று.

வன்னிக் கரையோரத்துக் கிரிக்கெற் பெரும்பாலும் மென்பந்துக் கிரிக்கெற்றேயாகும். கடினப் பந்துக்கு வேண்டிய கால்காப்பும் கையுறையும் தலைக்கவசமும் வாங்க வசதியில்லாத இடத்தில், ஒரு மட்டையும் ஒரு டெனிஸ் பந்தும் இருபத்திரண்டு பேரை மகிழ்விக்கின்றன. ஆனால் ஐப்பசி பிறந்ததும் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டு வருகின்றது. மைதானங்களில் நீர் தேங்குகின்றது. கடலும் கொந்தளிப்பதால் பல நாட்களில் வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன. கைக்கு வேலையும் இல்லை, காலுக்கு மைதானமும் இல்லை என்ற அக்காலத்தில் இளைஞர் எங்கே கூடுவது, எதனைச் செய்வது என்ற கேள்வி பெற்றோரின் உள்ளத்தை அரிக்கும் கேள்வியாகும். வீண் பொழுதும் மதுவும் நெருங்கிய உறவினர் என்பதைத் தாய்மாருக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

இவ்விடத்தில்தான் உள்ளரங்குக் கிரிக்கெற் என்னும் ஆட்டம் நம் கவனத்துக்கு உரியதாகின்றது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவில் பெரிதும் பரவிய இவ்வாட்டத்துக்கு 1995ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடந்தது. 2024ஆம் ஆண்டில் அப்போட்டி கொழும்பிலேயே நடைபெற்றது. நான்கு பக்கமும் மேற்புறமும் வலையால் இறுகக் கட்டப்பட்ட கூடொன்றினுள் இது ஆடப்படுகின்றது. ஏறத்தாழ 100 அடி நீளமும் 35 முதல் 40 அடி வரை அகலமும் இருந்தால் போதுமானது. ஆட்டமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பெரிய கட்டிடம் ஒன்றைக் கட்டித் தாருங்கள் என்று அரசாங்கத்தை நோக்கி மனு எழுதுமாறு நாம் கூற வரவில்லை. கட்டிடம் கிடைத்தால் நன்று; கிடைக்கும் வரையில் மணற்பாங்கான மேட்டு நிலமொன்றும், உறுதியான கம்பங்களும், பழைய வலைகளும் போதாவா? மழை விட்டதும் மணல் விரைவில் நீரை உறிஞ்சிக் கொள்ளும். வலையைப் பொத்தவும் இழுத்துக் கட்டவும் அறிந்த கைகள் கொக்கிளாயில் எத்தனை! இவ்வாட்டத்துக்கு வேண்டிய பெரும் சாதனம் வலை. அவ்வகையில் நகரத்துக் கழகங்களிலும் கடற்கரைக் கிராமமே வசதி மிக்கது. மென்பந்தையே பயன்படுத்துவதால் செலவும் குறையும், காயமும் குறையும்.

எனினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது இவ்வாட்டத்தின் வசதியன்று. அதன் விதிகளில் அமைந்த நீதியே. அதனைச் சற்று விளக்குவோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் எட்டுப் பேர். ஒரு பக்கத்தின் ஆட்டம் 16 ஓவர்கள். களத்திலுள்ள எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர்கள் பந்து வீசியே ஆக வேண்டும். வல்லவன் என்பதற்காக ஒருவனுக்கு மூன்றாவது ஓவர் கிடையாது. வல்லமை குறைந்தவன் என்பதற்காக மற்றவனுக்கு அது மறுக்கப்படுவதுமில்லை. துடுப்பாடுவோர் இருவர் இருவராக, நான்கு சோடிகளாக வருவர். ஒவ்வொரு சோடிக்கும் நான்கு ஓவர்கள். ஆட்டமிழந்தவன் கூடாரத்துக்குத் திரும்புவதில்லை. அவனது பக்கத்தின் கணக்கிலிருந்து ஐந்து ஓட்டங்கள் கழிக்கப்படும். அவன் தொடர்ந்து ஆடுவான். ஓடி எடுக்கும் ஓட்டத்தோடு, பந்து எந்த வலையைத் தொட்டது என்பதைப் பொறுத்து மேலதிக ஓட்டங்களும் சேரும். ஒரு பக்கத்தின் முதற் சோடி எடுத்த ஓட்டங்கள் மறுபக்கத்தின் முதற் சோடி எடுத்தவற்றோடும், இரண்டாவது இரண்டாவதோடுமாக ஒப்பிடப்பட்டுத் தனித்தனியே புள்ளிகளும் வழங்கப்படும். ஆதலின் முழு ஆட்டத்தில் தோற்ற பக்கமும் ஒன்றிரண்டு புள்ளிகளோடு வீடு செல்லலாம்.

வாசகர்கள் இதனை நமது வழக்கமான ஊர்க் கிரிக்கெற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. ஊர் ஆட்டத்தில் பதினொருவர் பெயர் எழுதப்படும். ஆனால் ஆடுவது நால்வர் அல்லது ஐவரே. மட்டை யாருடையதோ அவனே முதலில் துடுப்பாடுவான். கடைசியில் நிற்கும் மூவர் நாள் முழுவதும் வெயிலில் பந்து பொறுக்கிவிட்டு, ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் வீடு திரும்புவர். மறுவாரம் அவர்கள் வருவதில்லை. கழகங்கள் கலைவதற்கு இதுவும் ஒரு காரணம். உள்ளரங்குக் கிரிக்கெற்றிலோ, பங்கு அனைவர்க்கும் சமம் என்பது தலைவரின் தயவினால் அமைவதன்று, விதியினாலேயே அமைந்தது. நட்புக்காக ஆடும் கழகம் ஒன்றுக்கு இதனினும் ஏற்ற ஏற்பாட்டை நாம் அறியோம்.

இனி விதியை எழுதி வைத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். “நாங்கள் எல்லாரும் ஒன்றுக்குள் ஒன்று, எங்களுக்கு எழுத்தில் என்ன வேலை?” என்று கேட்போர் பலர். கிரிக்கெற்றின் வரலாறு அவர்க்கு விடை கூறும். 1727ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் றிச்மண்ட் கோமகனும் புரொட்றிக் என்னும் கனவானும் தம்முள் ஆடவிருந்த ஆட்டங்களுக்காக ஓர் உடன்படிக்கை எழுதிக் கொண்டனர். கிரிக்கெற்றின் எழுத்து விதிகளுள் நமக்குக் கிடைத்தவற்றில் அதுவே மிகப் பழையது. அதிலுள்ள ஒரு விதி யாதெனில், ஆட்டத்தைப் பற்றிய பிணக்கில் அவ்விருவரையன்றி வேறு எந்த ஆட்டக்காரரும் வாய் திறக்கலாகாது; திறந்தால் ஆட்டத்தினின்றும் நீக்கப்படுவார் என்பதாம். தலைவர் மட்டுமே மத்தியஸ்தரிடம் பேசலாம் என்ற கட்டுப்பாடு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழமையுடையது என்பதை நம் இளைஞர் அறிந்து கொள்வது நலம். பின்னர் 1744இல் விதிகள் தொகுக்கப்பட்டன. 1787இல் தோன்றிய மெரிலிபோன் கிரிக்கெற் கழகம் அவற்றின் காவலைப் பின்னாளில் ஏற்றுக் கொண்டது.

கனவான்கள் அக்காலத்தில் விதிகளை எழுதியது ஏன்? ஆட்டத்தின் மீது பெரும் பணம் பந்தயமாக வைக்கப்பட்டமையே பெரிய காரணம். பணம் புகுந்த இடத்தில் வாய்ச்சொல் போதாதென்பதை அவர்கள் கண்டு கொண்டனர். நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, விதிகளைப் பிணக்கு வருமுன்னர் எழுதி வைத்தல். மற்றொன்று, பணப் பந்தயத்தைக் கழகத்தின் வாசலிலேயே தடுத்து நிறுத்துதல். “சும்மா ஒரு சோடாவுக்கு” என்று தொடங்குவது எங்கே முடியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

விதிகளை ஒழுங்காக எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. விதிக்கு உட்பட்டது யாவும் நேர்மையன்று என்பதனை உணர்ந்தே, 2000ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட கிரிக்கெற் விதிகளுக்கு முகவுரையாக, ஆட்டத்தின் உள்ளுணர்வைப் பற்றிய பகுதியொன்று சேர்க்கப்பட்டது. அதன் பின்னரும் பிணக்குகள் ஓயவில்லை. நம் நாட்டவர் சம்பந்தப்பட்ட இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்து நோக்குவோம்.

2006ஆம் ஆண்டு மார்கழியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் நடந்த டெஸ்ற் போட்டியில், குமார் சங்கக்கார நூறாவது ஓட்டத்தைப் பெற்றார். மறுமுனைக்கு ஓடி முடித்த முத்தையா முரளிதரன், தோழரை வாழ்த்துவதற்காக எல்லைக்கோட்டை விட்டு நகர்ந்தார். அவ்வேளை பந்து கைக்கு வரவே, விக்கெற் காப்பாளர் பிறெண்டன் மக்கலம் விக்கெற்றைத் தட்டி அவரை ஆட்டமிழக்கச் செய்தார். விதியின்படி அதில் ஒரு குற்றமுமில்லை. பந்து இன்னும் ஆட்டத்திலேயே இருந்தது. ஆயினும் பத்து ஆண்டுகள் கழித்து, 2016இல் இலண்டன் லோட்ஸ் மைதானத்தில் ஆட்டத்தின் உள்ளுணர்வைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவில், மக்கலம் அதற்காக முரளிதரனிடமும் சங்கக்காரவிடமும் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். விதி அவரைத் தண்டிக்கவில்லை. அவருடைய மனமே கணக்கு வைத்திருந்தது.

மற்றையது 2023ஆம் ஆண்டு கார்த்திகை 6ஆந் திகதி புதுடில்லியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டி. களத்துக்கு வந்த அஞ்சலோ மத்தியூசின் தலைக்கவசப் பட்டி அறுந்தது. வேறு கவசம் வரவழைப்பதில் நேரம் கடந்தது. குறித்த இரண்டு நிமிடத்துக்குள் அவர் பந்தைச் சந்திக்க ஆயத்தமாகவில்லை என்று பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் முறையிட, மத்தியஸ்தர்கள் ஆட்டமிழப்பை அறிவித்தனர். சர்வதேசக் கிரிக்கெற்றில் இவ்வகையில் ஆட்டமிழந்த முதல்வர் மத்தியூஸ். முறையீட்டை மீளப் பெற எதிரணித் தலைவருக்கு உரிமை இருந்தது, அவர் பெறவில்லை. ஆட்ட முடிவில் இரு அணியினரும் கைகுலுக்கவுமில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் யார் பக்கம் நியாயம் என்று விவாதித்துக் கொண்டே ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிடலாம். உலகக் கிண்ணத்தில் ஆடுவோர் தொழில்முறை ஆட்டக்காரர். விதியைக் கடைப்பிடிக்கக் கோரியவரைக் குற்றவாளி என்று கூறுவதும் முறையன்று. ஆனால் நட்புக்காக நடத்தும் கழகமொன்றின் நிலை வேறு. அங்கே மறுநாட் காலையில் வென்றவனும் தோற்றவனும் ஒரே வள்ளத்தில் ஏற வேண்டும். ஆகவே இத்தகைய ஆட்டமிழப்புக்களைக் கழகம் ஏற்குமா, ஏற்காதா என்பதை அவ்வப்போதைய மனநிலைக்கு விட்டுவிடாமல், முன்னரே தீர்மானித்து எழுதி வைத்தல் வேண்டும். எழுதிய பின்னர் எவரும் எவரையும் பெருந்தன்மை இல்லாதவர் என்று ஏச இடமிராது.

பந்து எறிதல் பற்றிய பிணக்கும் மென்பந்து ஆட்டத்தில் ஓயாத ஒன்று. இதிலும் முரளிதரனின் வரலாறு நமக்குப் பாடமாகும். 1995இல் மெல்பேர்னில் மத்தியஸ்தர் ஒருவர் அவரது பந்துவீச்சு எறிதல் என்று பலமுறை அறிவித்தார். பின்னர் நடந்த ஆய்வுகள், சாதாரண வீச்சாளர் பலரது முழங்கையும் ஓரளவு நீள்கின்றதென்பதையும், வெறுங்கண்ணால் அதனைத் திட்டமாக அளக்க முடியாதென்பதையும் காட்டின. 2005இல் சர்வதேசக் கிரிக்கெற் சபை 15 பாகை என்னும் எல்லையை வகுத்தது. பயிற்சி பெற்ற மத்தியஸ்தரின் கண்ணே இவ்விடயத்தில் தடுமாறுமாயின், வேலியோரத்தில் நிற்கும் நம்மவரின் கண்ணைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? ஐயத்துக்கு இடமான வீச்சாளரைப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தாது, ஆட்டம் முடிந்த பின் தலைவர் தனியே அழைத்துப் பேசுவதே தக்கது.

நேர்மை என்பது ஆங்கிலேயர் கப்பலில் கொண்டு வந்து இறக்கிய பண்டமன்று. கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். தட்டுக்களின் நடுக்கோட்டில் ஓடும் கிளி தொட்டதா இல்லையா என்பதை, மாலை மங்கும் வேளையில், தொடப்பட்டவனையன்றி வேறு யார் உறுதியாகக் கூற முடியும்? “பட்டது” என்று தானே ஒப்புக் கொண்டு வெளியேறுபவனையே ஊர் நல்ல ஆட்டக்காரன் என்று மதித்தது. துடுப்பின் ஓரத்தில் பந்து உரசியதை உணர்ந்து, மத்தியஸ்தரின் கையை எதிர்பாராமல் ஒப்புக் கொள்ளும் துடுப்பாட்டக்காரனும் அவனுடைய உடன்பிறப்பே. கரைவலைத் தொழிலையும் நோக்குங்கள். ஒரே பாட்டில் பல வலைகள் உள்ள இடத்தில் முறை வைத்தே வலை வளைப்பர். மீன் கூட்டம் கண்ணெதிரே தெரிந்தாலும் மற்றவனுடைய முறையில் கை வைப்பது அடாது. இவ்வொழுங்கை அறிந்த சமூகத்துக்குத் துடுப்பாடும் முறையைப் பகிர்ந்து கொள்வது எங்ஙனம் கடினமாகும்?

கழகம் தொடங்க விரும்பும் இளைஞருக்கு நாம் கூறும் யோசனைகள் சில. முதலாவது, மத்தியஸ்தர் ஆடும் இரு பக்கத்தையும் சேராதவராக இருத்தல் வேண்டும். மூன்றாவது அணியொன்று முறைவைத்து இப்பணியை ஏற்கலாம். இரண்டாவது, பந்து மேல் வலையில் பட்டு வந்தால் பிடிக்கலாமா, கிழிந்த வலையினூடு வெளியே போனால் எத்தனை ஓட்டம் என்பன போன்ற இடத்துக்குரிய விதிகளை ஒரு தாளில் எழுதி, வாசலில் ஒட்டுதல் வேண்டும். நாணயச் சுழற்சியின்போது இரு தலைவரும் அதனை வாசித்து ஒப்புதல் கூறட்டும். மூன்றாவது, ஓட்டக் கணக்கு எல்லாரும் காணும்படி கரும்பலகையில் எழுதப்படல் வேண்டும். ஒளித்து வைத்த கணக்கே பல சச்சரவுகளுக்குத் தாய். நான்காவது, ஐயமான தீர்ப்பின் பயன் துடுப்பாடுபவனுக்கே. ஐந்தாவது, தீர்ப்பை எதிர்த்து வசைமொழி பேசுபவனுக்குப் பணத் தண்டம் விதித்தலாகாது. பணமுள்ளவனுக்குத் தண்டம் ஒரு தண்டனையாகாது. அடுத்த ஆட்டத்தில் அவன் துடுப்பைத் தொடாது கணக்கெழுதட்டும். கணக்கெழுதியவன் மத்தியஸ்தரின் துன்பத்தை அறிவான். ஆறாவது, இவ்விதிகளை மாற்றுவதாயின் ஆட்ட நடுவில் மாற்றலாகாது. ஆண்டுக் கூட்டத்திலேயே மாற்றுதல் வேண்டும்.

சோடிகளை அமைப்பதிலும் தலைவருடைய பண்பு வெளிப்படும். வல்லவர் இருவரை ஒன்று சேர்த்துவிட்டுப் புதியவர் இருவரை ஒன்றாகக் கைவிடுதல் எளிது. தேர்ந்தவன் ஒருவனோடு பழகுபவன் ஒருவனைச் சேர்த்தால், நான்கு ஓவர்களும் ஒரு பாடசாலையாக அமையும். தந்தையும் மகனும் சோடியாக ஆடலாம். தமையனும் தங்கையும் ஆடலாம். பெண்பிள்ளைகளைப் பார்வையாளராக மட்டும் வைத்திருக்கும் காலம் போய்விட்டது. வலைக்கூட்டினுள் ஆடுவதற்குப் பெரும் பலத்திலும் விரைந்த கண்ணும் கூர்த்த புத்தியுமே அதிகம் வேண்டும். பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை: வலைக்கு வெளியே நின்று கொண்டு மத்தியஸ்தரை ஏசும் தந்தையிடமிருந்து மகன் கற்றுக் கொள்வது கிரிக்கெற் அன்று.

இறுதியாக ஒன்று. கொக்கிளாய்க் களப்பின் சுற்றுப்புறத்தில் இன்று தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். காணியைப் பற்றியும் கடற்றொழிலைப் பற்றியும் அவர்களிடையே தீராத வழக்குகள் உண்டு. அவற்றை ஒரு பந்தும் மட்டையும் தீர்த்துவிடும் என்று கூறி வாசகர்களை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. அவை தீர வேண்டிய இடம் வேறு. தீர்க்க வேண்டியவர்களும் வேறு. ஆயினும் ஒன்றைக் கூறலாம். இரு பக்கமும் முன்கூட்டியே ஒப்புக் கொண்ட விதி, இரு பக்கத்தையும் சாராத மத்தியஸ்தர், எல்லார் கண்ணுக்கும் தெரியும் கணக்கு, ஒவ்வொருவருக்கும் சமமான பங்கு ஆகிய இந்நான்கும் இல்லாத இடத்தில் எந்த வழக்கும் நியாயமாகத் தீர்வதில்லை. இந்நான்கும் எப்படியிருக்கும் என்பதை ஓர் இளைஞன் தன் ஊர்க் கழகத்தில் வாரந்தோறும் கண்ணாரக் கண்டு பழகுவானாயின், பிற இடங்களில் அவை இல்லாதபோது அவன் அதனை உடனே உணர்ந்து கொள்வான், கேட்கவும் துணிவான். நல்ல விளையாட்டுக் கழகமொன்று ஊருக்குச் செய்யக்கூடிய பேருதவி இதுவே என்பது நமது துணிபு.

மாரி தொடங்குமுன் கம்பங்களை நட்டுவிடுங்கள். அதற்கு முன்னரே விதிகளை எழுதிவிடுங்கள்.